சின்னம்மா கதைக்காத ஆவணி

உங்களில் பலர் அவருடைய குரலைக் கேட்டிருப்பீர்கள். காலைச் செய்தி முடிந்த கையோடு வானொலியில் மரண அறிவித்தல் வாசித்த பெண் குரல். இறந்தவரின் ஊர், பிறகு பெயர், பிறகு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒருவரையும் அவசரப்படுத்தாமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவதுபோல வாசிக்கும் குரல். எங்கள் வயதுக்காரர் கூடுகிற இடங்களில் யாராவது அந்தக் குரலைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். அது எங்கள் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கச்சி. பிற்காலத்தில் படத்திலும் தொலைக்காட்சியிலும் நீங்கள் பார்த்த அதே ஆள்தான். அந்த முதற்குரல் எப்படிப் போனது என்பது ஊரில் நாலு பேருக்குத்தான் சரியாகத் தெரியும். அந்த நாலில் நானும் ஒருத்தி. இன்று வரைக்கும் ஆறுதலாக உட்கார்ந்து யாருக்கும் சொன்னதில்லை.

வல்வெட்டித்துறையில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. ஐயாவுக்குச் சந்தியில் ஒரு புடைவைக் கடை. வீட்டில் விறாந்தைச் சுவரில், என் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வானொலிப் பெட்டியை வைத்திருந்தார். பெட்டி சூடேறிப் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு மெல்லிய இரைச்சல் வரும். பழைய தூசு கருகுகிற மணமும் வரும். அந்த மணம் வந்ததுமே அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றுவிடுவார். அயல் பெண்கள் இரண்டு மூன்று பேரும் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். செத்தவர் யாரென்றே தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு, "வடிவா வாசிச்சா, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பக்கத்து ஒழுங்கையில் இருந்த தையல்கார மனிசி ஒருநாள் அம்மாவிடம், "நான் கண்ணை மூடினால் உன்ரை தங்கச்சிதான் வாசிக்கோணும். சொல்லி வை" என்றார்.

"விடியக்காலமை இப்பிடிக் கதைக்காதேங்கோ" என்று அம்மா அன்று முழுக்கச் சோர்ந்துபோய்த் திரிந்தார்.

அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். மற்றவர்கள் பெயர்களைக் கேட்டார்கள். அம்மா பெயர்களுக்கு நடுவில் தங்கச்சி எடுக்கிற மூச்சைக் கேட்டார். ஒரு இருமல் வந்துவிட்டால், "அங்கை ஆரும் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கவும் இல்லை" என்று நாள் முழுக்கப் புலம்புவார். சின்னம்மாவைக் கொழும்புக்கு அனுப்பியதே ஐயாதான். சொந்தக்காரர் அத்தனை பேரும் குமர்ப்பிள்ளையின் குரலை ஊரெல்லாம் கேட்க விடுவதா என்று நின்றபோது, "குரலைத்தானே கேக்கினம், ஆளையில்லையே" என்று அவர்களோடு வாதாடி அனுப்பினார். ஆனால் ரயில் ஏற்றும்போது சின்னம்மாவிடம் ஒன்று சொல்லியிருந்தார்: "உன்னைப் பற்றி ஒரு சொல்லு வந்துதெண்டால் அடுத்த ரயிலிலை வீட்டை வந்திட வேணும், பிள்ளை." சின்னம்மா ஓம் என்று தலையாட்டினார். இரண்டு வருசம் ஒரு சொல்லும் வரவில்லை.

எனக்குப் பதினொரு வயதான வருசம், ஆவணி விடுமுறை தொடங்குகிற நேரம். ஒரு திங்கட்கிழமை பெட்டி சூடேறியது, மணம் வந்தது, அம்மா வந்து நின்றார். வாசித்தது வேறொரு பெண்.

"லீவிலை நிண்டிருப்பா" என்றார் ஐயா.

செவ்வாயும் அதே பெண். புதனும் அதே பெண். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறந்துபோய் இரண்டாவது தரமும் அரிசி களைந்தார். தந்தி அடிக்கச் சொல்லி ஐயாவை நச்சரித்தார். ஐயா, "உனக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஆனால் போகும்போது தபாலகப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதை நான் பார்த்தேன்.

தந்தி போய்ச் சேருவதற்கு முன் சின்னம்மாவே வந்துவிட்டார். வியாழன் காலை, ஐயா கடைக்குப் போன பிறகு, படலையில் ஒரு சூட்கேசோடு நின்றார். அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணி. அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை? என்ன நடந்தது? சொல்லன்!" என்று உலுக்கினார். சின்னம்மா சிரித்த முகத்தோடு உதட்டில் விரலை வைத்தார். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து எழுதினார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே அதை வாசித்தது நான்.

"தொண்டைக்குள் இரண்டு சின்ன முளை. ஆறு கிழமைக்கு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது, சிரிக்கவும் கூடாது. கதைத்தால் பழைய குரல் திரும்பாது என்று டொக்டர் சொன்னவர். புரட்டாதிக் கடைசியில் நிரந்தர வேலைக்குக் குரல் பரீட்சை. தொண்டை பழுது என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடவே மாட்டார்கள். அக்காவுக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை என்று சொல்லித்தான் லீவு எடுத்தனான். அத்தானுக்குச் சொல்ல வேண்டாம். இனிப் போகவேண்டாம் என்று மறித்துப்போடுவார்."

'அக்காவுக்குக் கடும் வருத்தம்' என்று நான் வாசித்த இடத்தில் அம்மா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சின்னம்மா என் பக்கம் திரும்பி, இன்னொரு தாளில் ஒரேயொரு சொல் எழுதினார். "சத்தியம்?"

"சத்தியம்" என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த ஐயாவுக்கு என்ன சொல்வதென்று அம்மா யோசித்து வைத்திருக்கவில்லை. "என்ன பிள்ளை, பேசாமல் நிக்கிறாய்?" என்று ஐயா கேட்டதும் அம்மாவின் வாயில் வந்தது இதுதான்: "மௌன விரதம் பிடிக்கிறாள். சந்நிதி முருகனுக்கு நேர்ந்தவளாம். ஆறு கிழமை."

"என்னத்துக்கு?"

"அந்த உடுப்பிட்டிச் சம்பந்தம் சரிவரட்டும் எண்டுதான்."

உடுப்பிட்டியில் ஒரு வாத்தியாருக்குச் சின்னம்மாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஐயாவின் மூத்த சகோதரி, என் மாமி. சின்னம்மா அதுவரை பிடி கொடுக்காமல் இருந்தவர். ஐயாவின் முகம் மலர்ந்துபோனது. "அப்ப நாங்களும் மச்சத்தை விடுவம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் இல்லை. கடற்கரையிலிருந்து பொரித்த மீன் மணம் காற்றில் வரும்போதெல்லாம் ஐயா திருநீற்றைத் தொட்டுப் பூசிக்கொண்டு பருப்பைக் குழைத்துச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்க்கமாட்டாமல் எழும்பிப் போய்விடுவார். இரண்டு பொய் சொன்னாயிற்று. ஒன்று தன் உடம்பின் பேரில், மற்றது முருகன் பேரில். தலையிடித்தாலே அம்மாவுக்குக் கண் கலங்கியது. "கொழும்பிலை சொன்ன வருத்தம் உண்மையாகவே வருது போலை கிடக்கு" என்று என்னிடம் இரகசியமாகச் சொல்வார்.

அந்த நாட்களின் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொப்பியில் பென்சில் ஓடுகிற சத்தம். என்னைக் கூப்பிட இரண்டு தரம் கை தட்டுகிற சத்தம். காலையில் கிணற்றடி வாழைக்குப் பின்னால் நின்று உப்புத் தண்ணீரால் தொண்டையை அலசுகிற சத்தம். மத்தியானம் கண் அயரும்போது நித்திரையில் பேசிவிடுவேனோ என்று பயந்து சின்னம்மா ஒரு துணியால் நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. உதடு அசைந்தால் தட்டி எழுப்ப வேண்டும். வெளியே பிள்ளைகள் கெந்தித்தொட்டு விளையாடுவார்கள். நான் அந்த உதட்டைப் பார்த்தபடி அசையாமல் இருப்பேன். கண் எரியும். இமைத்தால் அந்த நேரம் பார்த்து ஒரு சொல் வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

காலையில் மரண அறிவித்தல் நேரத்துக்கு மட்டும் சின்னம்மா விறாந்தைக்கு வருவார். அந்தப் புதுப் பெண் வாசிப்பாள். சின்னம்மாவின் உதடு சத்தமில்லாமல் கூடவே அசையும். ஒருநாள் அந்தப் பெண் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றைப் பிழையாக வாசித்தாள். சின்னம்மாவின் விரல்கள் என் தோளை அப்படியே இறுக்கின. அடுத்த கிழமை அதே ஊர்ப் பெயரை அவள் சரியாக வாசித்தாள். அதைக் கேட்டபோதுதான் சின்னம்மாவின் முகம் உண்மையிலேயே கறுத்துப்போனது.

கதைக்க முடியாததால் அவருடைய முகம் கதைக்கப் பழகியது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கிழவரோடு சண்டை பிடித்ததை ஒருநாள் எனக்குச் சொல்லிக் காட்டினார். புருவம், கன்னம், கழுத்து, இரண்டு கை, அவ்வளவுதான். கண்டக்டரும் வந்தார், கிழவரும் வந்தார், நடுவில் நசுங்கிய கோழிக்கூடையும் வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கக்கூடாதே, வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரக் குலுங்காமல் இருக்கப் பாடுபட்டார். அந்த நேரம் அது விளையாட்டு. அவர் அதற்குள் என்ன தேடிக் கொண்டிருந்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சந்நிதியில் திருவிழா வந்தது. ஐயா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். மணலில் கால் சுட, கற்பூரப் புகையில் கண் கரிக்க, சனத்துக்குள் ஐயா பெருமையோடு, "எங்கடை மச்சாள் விரதம்" என்று வழிவிடச் சொன்னார். சனம் மரியாதையாக வழிவிட்டது. ஒரு மனிசி சின்னம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது சின்னம்மா பதறிப்போய் விலகினார். அம்மா தேர்ப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. வீட்டுக்கு வரும்வரை அவருடைய கை என் கைக்குள் குளிர்ந்துபோய் இருந்தது.

நாலாவது கிழமை முடியும்போது மாமி வந்தார். மாமி கெட்ட மனிசி இல்லை. ஆனால் எதையும் முழுதாக அறியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வந்ததும் சின்னம்மாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கழுத்துத் துணியைப் பார்த்தார். மெலிந்த முகத்தைப் பார்த்தார். அடுத்த நாள் காலை கிணற்றடியில் தொண்டை அலசுகிற சத்தம் கேட்டதும் எழும்பிப் போய் வாழைமறைவில் நின்றார். பிறகு மெதுவாக என்னைத் துணி தோய்க்கிற கல்லடிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ரை சின்னம்மா காலமையிலை ஒவ்வொருநாளும் சத்தி எடுக்கிறவளோ?"

"இல்லை மாமி."

"எனக்கு ஒளிக்காதை. கொழும்பிலை இருந்து திடீரெண்டு வந்தாள். வாய் திறக்கிறாள் இல்லை. கடவுளுக்கு நேர்ந்தால் வீட்டுக்காரரோடை ஒரு சொல்லுக் கதைக்கிறதுக்கென்ன? வயித்திலை ஏதும் வாங்கிக்கொண்டு வந்திட்டாளோ?"

அதன் முழுக் கருத்தும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது அசிங்கமான ஒன்று என்றும், மாமி அதை உடுப்பிட்டிக்குக் கொண்டுபோகப் போகிறார் என்றும் விளங்கியது. ஐயா சொன்ன அந்த 'ஒரு சொல்லு' இதுதான் என்றும் விளங்கியது. சத்தியம் பண்ணியது ஞாபகம் வந்தது. ஆனால் சத்தியத்தைக் காத்தால் சின்னம்மாவுக்கு இனிக் கொழும்பே இல்லை என்று தோன்றியது.

"இல்லை மாமி! அவவின்ரை தொண்டைக்குள்ளை முளைச்சிருக்கு. அதாலைதான் கதைக்கிறேல்லை. டொக்டர்தான் சொன்னவர்."

மாமியின் முகம் அப்படியே மாறிப்போனது. கை அவருடைய தொண்டைக்குப் போனது. "முளையோ?" என்றார். "தொண்டைக்குள்ளையோ? ஐயோ, என்ரை முருகா." என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய சேலையில் வெற்றிலை மணம். நான் அந்த அணைப்புக்குள் நிம்மதியாக நின்றேன். சின்னம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மாமி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சனம் வரத் தொடங்கியது. முதலில் ஒரு மனிசி திருநீற்றுச் சரையோடு வந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்கள் உரக்கக் கதைக்கவில்லை. செத்த வீட்டில் கதைப்பதுபோல முணுமுணுத்தார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் அம்மா ஒவ்வொருவருக்கும் கதிரை எடுத்துப் போட்டார். தையல்கார மனிசி சின்னம்மாவின் இரண்டு கன்னத்தையும் கையில் ஏந்திக்கொண்டு, "எல்லாரையும் பற்றி வாசிச்சியே, குஞ்சு. உனக்கு ஆரடி வாசிக்கிறது?" என்று அழுதார்.

சின்னம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். கொப்பியை எடுக்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணியிருக்கும். ஐயாவின் சைக்கிள் படலையில் மோதி விழுகிற சத்தம் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சேலை வாங்க வந்த ஒருவர் அவரிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். மச்சாளுக்குத் தொண்டையில் புற்றுநோயாம், கொழும்பில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், உடுப்பிட்டிக்காரரும் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்று.

வந்திருந்த சனம் ஐயாவின் முகத்தைக் கண்டு எழும்பிப் போனது.

"ஆர் இந்தக் கதையைக் கட்டிவிட்டது?" என்று கேட்டார். நான் அவ்வளவு சத்தமாக அவர் கதைத்துக் கேட்டதில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். ஐயா என் பக்கம் திரும்பினார். "மாமிக்கு நீதான் சொன்னனியாம். உண்மையோ?"

"ஓம், ஐயா."

"விரதம் இருக்கிற பிள்ளையைப் பற்றி இப்பிடி ஒரு பொய்யை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"பொய்யில்லை, ஐயா."

ஐயா அதுவரை என்னை அடித்ததில்லை. கை மேலே போனது. வேட்டியின் கஞ்சி மணம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிக்காதேங்கோ அத்தான். பிள்ளை பொய் சொல்லேல்லை."

யார் கதைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். சின்னம்மா அறை வாசலில் நின்றார். எண்ணெய் காணாத கப்பியில் கயிறு ஓடுகிறமாதிரி ஒரு குரல், தொடங்கும்போது உடைந்து, முடியும்போது வெறும் காற்றாகப் போனது. இரண்டு வசனம். அதைக் கேட்டு எங்கள் எல்லாரையும் விட அதிகமாகத் திடுக்கிட்டவர் சின்னம்மாதான். வேறு யாரோ பின்னால் நின்று பேசியதுபோலத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஐயாவின் கை மெல்ல இறங்கியது. அம்மா அழுதழுது எல்லாவற்றையும் சொன்னார். ஐயா முழுவதையும் கேட்டார். வெளியே போய், விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்திவிட்டு அதன் பக்கத்தில் முற்றத்து மணலில் குந்தியிருந்தார். அன்று கடை மறுபடி திறக்கவில்லை.

மிச்சமிருந்த கிழமைகளையும் சின்னம்மா ஒரு சொல்லும் பேசாமல் கழித்தார். என்னை ஒதுக்கவில்லை. இரண்டு தரம் கை தட்டிக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டார். என்னால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐயா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். புறப்படும் நாளில் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார், இடம் பிடித்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவந்தார்.

பரீட்சையில் அரை நிமிடம் கேட்டார்களாம். "காணும், நீங்கள் போகலாம்" என்றார்களாம். அந்தப் புதுப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமானது. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். தன்னுடைய பத்திரங்களைத் திருப்பி எடுக்கப் போன இடத்தில், வானொலிக் கந்தோர் வாசலில் நின்று யாரிடமோ எதையோ கேட்டிருக்கிறார். உள்ளே இருந்த நாடகத் தயாரிப்பாளர் ஒருவர், "ஆர் அந்தக் கிழவி?" என்று எழும்பி வந்திருக்கிறார். இருபத்தாறு வயதில் சின்னம்மா வானொலி நாடகங்களில் எழுபது வயதுக் கிழவியானார். பிறகு மேடை. பிறகு இங்கேயே எடுத்த ஒரு படத்தில் மீன் விற்கிற தாய். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அதைப் பார்க்க அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். திரையில் சின்னம்மா வாய் திறந்தபோது அம்மா என் மணிக்கட்டை நெரித்தார். சனம் சிரித்துவிடும் என்று பயம். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு மனிசி, "உவ உண்மையான மீன்காரியாக்கும்" என்றார். மகன் திரும்பி வராத இடத்தில் ஒரு வசனமும் இல்லை. வெறும் முகம் மட்டும். தியேட்டர் முழுக்க மூக்கைச் சிந்துகிற சத்தம்.

ஐயா அந்தப் படத்துக்கு வரவில்லை. சின்னம்மா கொழும்பில் ஒலிப்பதிவாளர் ஒருவரை எழுத்துக் கலியாணம் முடித்தபோதும் போகவில்லை. எங்களைப் போகவேண்டாம் என்று மறிக்கவும் இல்லை. நடிக்கப் போனதால் கைகழுவிவிட்டார் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். ஐயா அதை மறுக்கவில்லை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அந்தக் கலியாணத்தன்றுதான் நான் சின்னம்மாவிடம் கேட்டேன். எனக்கு அப்போது பதினாறு. தனியே அகப்பட்ட இடத்தில், "என்னாலைதானே உங்கடை குரல் போனது?" என்றேன்.

அவர் தலையில் இருந்த பூவைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னார்: "முளை உன்னாலை வரேல்லை. அண்டைக்குக் கதைக்காமல் விட்டிருந்தால் குரல் திரும்பியிருக்குமோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டனான். அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு திரியாதை."

அது ஆறுதலா, இல்லையா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சி எங்கள் பக்கத்துக்கு வந்தது. ஒழுங்கை முனையில் கப்பலில் வேலை செய்த ஒருவர் பெட்டி கொண்டுவந்திருந்தார். கூரைக்கு மேல் நீளக் குழாயில் அன்டெனா. பின்னேரம் ஏழு மணிக்கு முன்னமே அந்த வீட்டு விறாந்தையில் இடம் இருக்காது. சின்னம்மா ஒரு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருந்தார். பஸ் சாரதி, வலை பின்னுகிறவர், தாதி என்று சாதாரண ஆட்களை இருத்திவைத்து அவர்களோடு கதைக்கிற நிகழ்ச்சி. அம்மாவும் நானும் முதல் தடவை போன அன்று, நாங்கள் உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஐயா நிற்கிறார்.

சனத்துக்கு நடுவில் ஏதாவது சொல்லிவிடுவாரோ? பாதியில் காறித் துப்பிவிட்டுப் போய்விடுவாரோ? படம் ஆடியது, வெள்ளைப் புள்ளிகள் கொட்டின, வீட்டுக்காரர் ஓடிப்போய்க் குழாயைத் திருப்பினார். சின்னம்மாவின் முகம் வந்தது. கொஞ்சம் தடித்திருந்தார். அந்தக் கரகரத்த குரலில் ஒரு தும்புத் தொழிலாளிப் பெண்ணிடம் கேள்வி கேட்டார். பதில் வரும்வரை அவசரப்படாமல் இருந்தார். அந்தப் பெண் அழுதபோது சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எங்களை நேரே பார்த்து, கை கூப்பி, "வணக்கம்" என்றார்.

"வணக்கம், பிள்ளை" என்றார் ஐயா.

விறாந்தை கொல்லென்று சிரித்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பதில் சொல்கிற மனுசனைக் கண்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஐயா கோபிக்கவில்லை. திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

ஒழுங்கையில் வேலியோரமாக நின்றார். "அண்டைக்கு நான் கை ஓங்காட்டி அவள் வாய் திறந்திருக்க மாட்டாள்" என்றார். "அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து என்னத்தைக் கதைக்கிறது எண்டுதான் இவ்வளவு நாளும்..."

"நான் மாமிக்குச் சொன்னதாலைதான் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன், ஐயா."

ஐயா என்னை விறைத்துப் பார்த்தார். "நீயோ? பதினொரு வயசுப் பிள்ளை, நீயோ?" என்றார். பின்னால் வந்து சேர்ந்த அம்மா, நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று கேட்டு அறிந்ததும், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "முருகன் பேரிலை பொய் சொன்னது நான்" என்றார். ஏழு வருசம் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இதைச் சுமந்து திரிந்திருக்கிறோம்.

அடுத்த நாள் காலை ஐயா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, "வா" என்று என்னைத் தபாலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்புக்கு ட்ரங்க் கோல் பதிவு செய்தார். ஒரு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். மணி அடித்தது. ஐயா அந்தச் சின்னக் கூண்டுக்குள் போய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தார். கதவு சரியாகச் சாத்தாததால் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"ஹலோ? ஆர் கதைக்கிறது?"

ஐயாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஹலோ? ஆர்?"

"கதையுங்கோ ஐயா, நேரம் போகுது" என்றார் தபாலகத்தில் இருந்தவர். சின்னம்மா வைத்துவிடப் போகிறார் என்று எனக்குப் பதற்றம். ரிசீவரைப் பறித்து நானே கதைக்கலாமோ என்று கூண்டுக்குள் ஒரு காலை வைத்தேன்.

"நான்..." என்றார் ஐயா. "அத்தான் கதைக்கிறன்."

அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு, மிக மெல்ல, அந்தக் கரகரத்த குரல்.

"சொல்லுங்கோ, அத்தான்."

நான் காலை வெளியே எடுத்துக் கதவை இறுகச் சாத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் ஐயாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. என்ன கதைத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, சின்னம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் தபாலகத்தில் இருந்தவர் கண்ணாடியைத் தட்டி, இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமா என்று சைகையால் கேட்டார். ஐயா தோளுக்கு மேலால் பார்த்து, ஓம் என்று தலையை ஆட்டினார். அது முடிந்து அவர் மறுபடி தட்டியபோது, மறுபடியும் ஆட்டினார்.